ட்ரோலிங் மோட்டாரை எங்கே பூட்டுவது? கோளாறைப் பார்த்து இடத்தைத் திருத்தும் வழி

“அண்ணை, மோட்டார் காணாது. 80 பவுண்ட் ஒன்று எடுப்பமோ?” கோடை தொடங்கினால் இந்தக் கேள்வியும் தொடங்கிவிடும். ட்ரோலிங் மோட்டார் என்றால் மீன் பிடிக்கும்போது படகை மெதுவாக நகர்த்தும், பற்றரியில் ஓடும் சிறு மின்மோட்டார். 80 பவுண்ட் என்பது அதன் தள்ளுவிசை, பாரம் அல்ல. கேட்பவரின் படகை ஒருதரம் தண்ணீரில் பார்த்தால், பெரும்பாலும் மோட்டாரில் குறை இருக்காது. அது பூட்டியிருக்கும் இடத்தில்தான் குறை இருக்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 14 அடி அலுமினியப் படகு வெறுமையாக ஏறக்குறைய 250 பவுண்ட் வரும். 9.9 குதிரைவலு எஞ்சின் 90 சொச்சம், இரண்டு ஆட்கள் 350, பற்றரி 55, எரிபொருளும் சாமான்களும் ஒரு 120. கூட்டினால் 900-க்குள் நிற்கும். முழுப் பாரத்தில் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் குறைந்தது 2 பவுண்ட் தள்ளுவிசை வேண்டும் என்பது பொதுவாக எல்லோரும் பிடிக்கும் அளவு. அப்படியானால் 18 பவுண்ட். காற்றுக்கும் அலைக்கும் என்று இரண்டு மடங்கு வைத்தாலும் 36. உங்களிடம் 55 பவுண்ட் மோட்டார் இருந்தும் படகு திணறுகிறது என்றால், 24 வோல்ட் மோட்டாருக்கும் இரண்டாவது பற்றரிக்கும் காசு எடுத்து வைக்க முன் கீழே உள்ளதைப் பார்த்துவிடுங்கள்.

இதை ஒன்ராறியோ ஏரிகளை மனதில் வைத்து எழுதுகிறேன்: சிம்கோ, ஸ்கூகொக், ரைஸ் லேக், கவார்த்தா பக்கம். படகு 14 அல்லது 16 அடி, திறந்த அலுமினியம், பின்னால் கைப்பிடியால் திருப்பும் சிறு எஞ்சின். அணியம் என்றால் படகின் முன்முனை, அமரம் என்றால் பின்பக்கம். எஞ்சின் தொங்கும் நேர்ப்பலகையைப் பின்பலகை என்று சொல்கிறேன்.

எதற்கும் முன் இரண்டு அளவு வேண்டும். படகைத் தண்ணீரில் இறக்கி, வழக்கமாக வரும் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி, பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை எத்தனை அங்குலம், அணியத்தின் மேல்தட்டிலிருந்து நீர்மட்டம் வரை எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதி வையுங்கள். ட்ரெய்லரில் நிற்கும்போது அளந்த அளவு எதற்கும் உதவாது. ஆள் ஏறினால் அமரம் அமிழும், அணியம் எழும்பும்.

காற்று அடித்தால் படகின் மூக்கு திரும்பிக்கொண்டே போகிறது

அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான். மோட்டார் பின்பலகையில் இருக்கும். நீங்களும் பின்னால் இருப்பீர்கள். எஞ்சினும் பற்றரியும் எண்ணெய்த் தாங்கியும் அங்கேதான். பாரமெல்லாம் பின்னால் போனதால் அணியம் தண்ணீரை விட்டு எழும்பி நிற்கும். தண்ணீரைப் பிடிக்க வேண்டிய முனை காற்றைப் பிடித்துக்கொள்ளும். பக்கக் காற்று ஒரு தட்டுத் தட்டினால் மூக்கு விலகும். நீங்கள் பின்னாலிருந்து திருப்பி அதை நேராக்குவீர்கள். கையை எடுத்தால் மறுபடி விலகும். ஒரு கை தூண்டிலில், ஒரு கை மோட்டாரில், மீன் பிடிக்க நேரம் எங்கே?

சிம்கோவில் இது கூடுதலாகத் தெரியும். 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த ஏரி. மேற்கிலிருந்து வரும் காற்று தடையில்லாமல் தண்ணீர் மேல் ஓடி வரும்.

இடம்தான் காரணமா என்று உறுதிப்படுத்தக் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. அதே காற்றில் எஞ்சினை மேலே தூக்கிவிட்டு, ட்ரோலிங் மோட்டாரைப் பின்னோக்கி ஓட விட்டு, அமரம் முன்னால் போகும்படி காற்றை எதிர்த்துப் போங்கள். இப்போது படகு கோடு பிடித்தாற்போல் போனால் விடை கிடைத்துவிட்டது. மோட்டார் இழுத்தால் படகின் மிச்ச உடல் தானாக அதன் பின்னால் வரிசைக்கு வந்துவிடும். மோட்டார் தள்ளினால் முன்முனை எந்தப் பக்கமும் நழுவத் தயாராக இருக்கும். சந்தைக்குப் போகும் தள்ளுவண்டியையும் மாட்டு வண்டியையும் நினைத்தால் புரியும். பின்னோக்கிப் போயும் மூக்கு அலைகிறது என்றால் இடத்தை மாற்றி முழுப் பயன் வராது. அன்றைய காற்று உங்கள் படகுக்குக் கூடுதல், கரைக்குத் திரும்புங்கள்.

சோதனை சரிவந்தால், செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். முதலில் பற்றரியை முன்பக்க இருக்கைக்குக் கீழே நகர்த்திப் பாருங்கள். 55 பவுண்ட் ஈயப் பற்றரி ஏழெட்டு அடி முன்னால் போனால் அணியம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கும். தனியாகப் போகும் நாளில் அணியத்தில் ஒரு பெரிய தண்ணீர்க் கலனை நிரப்பி வைத்தாலும் இதே பலன்தான். வலியக் காற்று இல்லாத இடத்தில் இதுவே போதும். பலர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது, பின்னோக்கிப் போவதையே வழக்கமாக்குவது. மினசோட்டாவில் வால்ஐ மீன் பிடிப்பவர்கள் காலம் காலமாகச் செய்வது இதுதான். ட்ரோலிங் மோட்டார் பிறந்ததும் அந்தப் பக்கம்தான்: 1934-ல் பக்கத்து மாநிலமான வட டகோட்டாவின் ஃபார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் செய்தார். பின்னோக்கிப் போக மோட்டாரின் பின்னோட்ட வேகங்களை நம்ப வேண்டாம். ஐந்து முன்வேகம் உள்ள மோட்டாரில் பின்வேகம் மூன்றுதான் இருக்கும், புரொப்பெல்லரும் பின்னோட்டத்தில் அவ்வளவு நன்றாகத் தண்ணீரைப் பிடிக்காது. பின்பலகையில் பூட்டும் பல மாதிரிகளில், கைப்பிடி உள்ள தலைப்பகுதியைத் தண்டோடு (தலையிலிருந்து தண்ணீருக்குள் இருக்கும் மோட்டார் வரை இறங்கும் நீளக் குழாய்) பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, தலையை மட்டும் 180 பாகை திருப்பி மறுபடி பூட்டலாம். அதன்பின் முன்வேகம் ஐந்தும் அமரத்தை இழுக்கும். அரைச் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், தண்டுக்குள் வரும் வயர் முறுக்கிக்கொள்ளும். உங்கள் மாதிரியில் இது முடியுமா என்று கையேட்டில் ஒருதரம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இதில் ஒரு எல்லை உண்டு. தட்டையான பின்பலகை அலையை நேரே வாங்கும். அலை ஒரு அடியைத் தாண்டினால் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கும். அந்த நாட்களிலும் மீன் பிடிக்க வேண்டும் என்பவர்கள் மோட்டாரை அணியத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். என் கருத்தைக் கேட்டால், திறந்த ஏரியில் தனியாகப் போகிறவருக்கு அணியம்தான் சரி. இரண்டு பிள்ளைகளோடு ஒதுங்கிய குடாவில் பேர்ச் மீன் பிடிக்கப் போகிறவருக்கு அமரமே தாராளம். அணியத்தில் தட்டு அடிக்கும் வேலை அவருக்குத் தேவையில்லை.

“உர்ர்” என்று சத்தம், பின்னால் நுரை, படகு நகரவில்லை

புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சுகிறது. தண்டின் நீளம் குறைவு, அல்லது மோட்டார் போதிய ஆழம் இறங்கவில்லை. மோட்டாரின் மேல்பக்கம் நீர்மட்டத்துக்குக் கீழே 12 அங்குலமாவது இருந்தால் நிம்மதி. 9 வரை சமாளிக்கலாம்.

அமரத்தில் நன்றாக ஓடிய மோட்டாரை அப்படியே கழற்றி அணியத்தில் பூட்டினால் இந்தச் சத்தம் வரும். நீங்கள் எழுதி வைத்த இரண்டு அளவும் இங்கேதான் தேவை. பின்பலகையிலிருந்து நீர்மட்டம் 12 அங்குலம் என்று வைப்போம். தண்டு 36 அங்குலம். கிளாம்ப் பலகைக்கு மேல் ஒரு 4 அங்குலத்தைத் தின்னும். மிச்சம் 20 அங்குலம் தண்ணீருக்குள். அருமை. அதே மோட்டாரை அணியத்துக்குக் கொண்டுபோனால் அங்கே தட்டிலிருந்து நீர்மட்டமே 20 அங்குலம். பிராக்கெட்டும் அதன் கீழே வைக்கும் மரக்கட்டையும் 6 என்றால் 36-இல் மிஞ்சுவது 10. தண்டின் நீளத்தை மோட்டாரின் நடுவரை அளப்பது வழக்கம் என்பதால், புரொப்பெல்லர் இதழின் மேல்நுனி நீர்மட்டத்திலிருந்து ஐந்தாறு அங்குலத்தில்தான் நிற்கும். அமைதியான தண்ணீரில் ஓடும். ஆறு அங்குல அலை வந்து அணியம் எழும்பும் ஒவ்வொரு தடவையும் “உர்ர்” கேட்கும்.

அதனால் அணியத்துக்கு மாற்ற நினைப்பவர்கள் மோட்டாரை வாங்க முன்பே தண்டின் நீளத்தைக் கணக்குப் போட வேண்டும். தட்டிலிருந்து நீர்மட்டம் 10 முதல் 16 அங்குலம் என்றால் 42 அங்குலத் தண்டு, 16 முதல் 22 வரை என்றால் 48 முதல் 52 என்று போகும். அலை உள்ள ஏரி என்றால் எப்போதும் கூடின பக்கத்தையே எடுங்கள். நீளத் தண்டை உயர்த்தி வைக்கலாம், கட்டைத் தண்டை இழுத்து நீட்ட முடியாது.

ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா? தட்டுக்கு மேல் கட்டை வைத்துப் பூட்டாமல், அணியத்தின் பக்க விளிம்பில் தாழ்ந்த இடம் இருந்தால் அங்கே பூட்டிப் பாருங்கள். மூன்று நான்கு அங்குலம் கிடைத்தால் அதுவே பெரிய வித்தியாசம். தண்டில் ஆழத்தை நிறுத்தும் வளையம் ஒன்று இருக்கும், அதன் திருகு தளர்ந்து தண்டு மெல்ல மெல்ல மேலே ஏறுவதும் உண்டு. தண்டில் நிரந்தர மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் அடுத்த தடவை பார்த்ததும் தெரியும்.

நுரை இல்லாமல், பாரமே இல்லாதது போல மோட்டார் விர்ரென்று சுழன்று படகு நகராமல் நின்றால் அது வேறு கதை. புரொப்பெல்லரை அதன் சுழல்தண்டோடு பிடிக்கும் சிறு குறுக்கு ஊசி முறிந்திருக்கும். கல்லிலோ மரக்குற்றியிலோ இடித்தால் மோட்டாரைக் காப்பாற்ற அது முறிவது இயல்பு. மேலதிகமாக இரண்டு ஊசியும் அதற்கேற்ற ஸ்பானரும் பெட்டியில் இருக்கட்டும். சத்தம் கனத்து, வேகம் குறைந்து, நுரையும் இல்லை என்றால் களை சுற்றியிருக்கிறது. எடுத்துப் பாருங்கள்.

ஆழம் குறைந்த இடத்தில் அடிதட்டுகிறது, களையைச் சுற்றுகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். ஸ்கூகொக் ஏரியின் சராசரி ஆழம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு, யூலை வந்தால் களை நீர்மட்டம் வரை நிற்கும். அங்கே 52 அங்குலத் தண்டை முழுதாக இறக்கி ஓட்டினால் புல்வெட்டும் வேலைதான் நடக்கும். தண்டை உயர்த்துங்கள். உயர்த்தினால் மோட்டாரின் தலை நெஞ்சு மட்டத்துக்கு வரும், தூண்டில் வீசும்போது இடிக்கும் என்று சலிப்பார்கள். இடிக்கத்தான் செய்யும். அங்கே மட்டும் மீன் பிடிப்பவர் நீளத் தண்டு வாங்காமல் இருப்பதே நல்லது.

களையில் அணியத்து மோட்டார் இன்னொரு விதத்திலும் கஷ்டம் தரும். படகின் உடல் களையை விலக்கி வழி திறக்க முன் புரொப்பெல்லர் அதில் தலை கொடுக்கிறது. அமரத்து மோட்டாருக்கு முன்னால் படகே வழி செய்துவிடும். களை நிறைந்த குடாவில் மட்டும் இந்த விதத்தில் அமரம் கொஞ்சம் வெல்லும். வேகத்தை ஒரு படி குறைத்து, களையைப் பின்னுக்குத் தள்ளும் இதழ் கொண்ட புரொப்பெல்லர் போட்டால் அணியத்திலும் சமாளிக்கலாம்.

ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது

பின்பலகையின் நடுவில் எஞ்சின் இருப்பதால் ட்ரோலிங் மோட்டார் ஒதுங்கித்தான் பூட்ட முடியும். இடது பக்கத்திலிருந்து தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். எவ்வளவு தூரம் ஒதுங்கியிருக்கிறதோ அவ்வளவு இழுக்கும். எஞ்சினின் தலை திரும்பும்போது தட்டாத அளவுக்கு இடைவெளி விட்டு, முடிந்தவரை நடுவுக்குக் கிட்டப் பூட்டுங்கள்.

பிறகு எஞ்சினைப் பாருங்கள். ட்ரோலிங் செய்யும்போது அதை மேலே தூக்கிவிடுவது எல்லோருக்கும் பழக்கம். இழுப்பு இருக்கும் படகில் எஞ்சினை நேராக வைத்து, திருகி இறுக்கி, தண்ணீருக்குள்ளேயே விட்டுப் பாருங்கள். அதன் கால் சுக்கான் போல நின்று படகை நேராகப் பிடிக்கும். கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருப்பி இறுக்கினால் இழுப்பு முழுதாகவே சமனாகும். வேகம் சற்றுக் குறையும், பற்றரி சற்றுக் கூட எடுக்கும். ட்ரோலிங் வேகத்தில் அது பெரிய கணக்கில்லை.

எந்தப் பக்கம் பூட்டுவது என்று கேட்டால், நீங்கள் உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். கைப்பிடி எஞ்சினில் வலப்பக்க இருக்கையில் இருந்து இடக்கையால் பிடிப்பவர்களே அதிகம். அப்படியானால் மோட்டார் இடது பக்கம். ஆள்பாரமும் மோட்டார் பாரமும் ஒரே பக்கம் சேர்ந்தால் படகு சாய்ந்து போகும், சாய்ந்த படகு தானே ஒரு பக்கம் திரும்பும். அப்போது மோட்டாரைப் பழி சொல்லிப் பயனில்லை.

அணியத்தில் பூட்டினால் இந்த இழுப்பு பெரிதாகத் தெரியாது. இழுக்கும் மோட்டார் நடுக்கோட்டிலிருந்து சில அங்குலம் விலகினாலும் படகு ஒழுங்காக வரும். அங்கே பார்க்க வேண்டியது வேறு. மோட்டாரை இறக்கித் தண்டை முழுச்சுற்றுத் திருப்பும்போது புரொப்பெல்லர் படகின் பக்கத்தில் தட்டக் கூடாது. தூக்கி மடித்துத் தட்டில் படுக்க வைக்கும்போது மோட்டார் விளிம்பில் உரசக் கூடாது. இரண்டையும் ட்ரெய்லரில் நிற்கும்போதே, துளை போடுவதற்கு முன், கிளாம்ப் போட்டு நிறுத்திச் சோதித்துப் பாருங்கள். துளை போட்ட பிறகு தெரிந்தால் அலுமினியத்தில் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பூட்டிய இடம் ஆடுகிறது, கறகறக்கிறது

கிளாம்ப் வகை என்றால் பின்பலகையைப் பாருங்கள். பழைய அலுமினியப் படகுகளில் தகட்டுக்குள் பிளைவுட் இருக்கும். ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். டக்டக் என்று இறுகிய சத்தம் வந்தால் சரி. தொதுக் என்று மங்கிய சத்தம் வந்தால் உள்ளே உக்கிவிட்டது. உக்கிய பலகையில் எவ்வளவு இறுக்கினாலும் கிளாம்ப் அடுத்த நாள் தளர்ந்திருக்கும். பலகையை மாற்றும்வரை அங்கே மோட்டார் பூட்ட வேண்டாம். பலகை நல்லதோ கெட்டதோ, மோட்டாரிலிருந்து படகுக்கு ஒரு சிறு கயிறு கட்டி விடுங்கள். ஏரிக்குள் விழுந்த மோட்டாரைத் தேட யாரும் வரமாட்டார்கள்.

அணியத்தில், மெல்லிய தகட்டில் வெறும் ஸ்க்ரூ மட்டும் முறுக்கிவிட்டிருந்தால் அது ஒரு பருவத்துக்குள் துளையை அகட்டிவிடும். மோட்டார் பக்கவாட்டில் திரும்பும் ஒவ்வொரு தடவையும் நீளத் தண்டு நெம்புகோலாக அந்த ஸ்க்ரூக்களை மேலே இழுக்கிறது. தட்டை ஊடுருவிப் போகும் போல்ட், கீழே அகலமான தாங்குதகடு, தளராத நைலோன் நட், இவை மூன்றும் கட்டாயம். கீழே கை போகாத இடம் என்றால் தட்டில் ஒரு கைத்துளை வெட்டி மூடி போடுவது, ஸ்க்ரூவை நம்புவதைவிட மேல்.

கட்டை வைத்து உயர்த்திப் பூட்டுபவர்கள் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. வீட்டின் பின்புறத் தளம் அடித்து மிஞ்சிய பலகையை, பச்சை நிறச் சாயல் அடிக்குமே, அதை அறுத்து அலுமினியத்தின் மேல் வைத்துவிடுவார்கள். அது உக்காமல் இருக்கச் செப்பு உப்பு ஏற்றிய மரம். ஈரம் பட்டால் அந்தச் செப்பு அலுமினியத்தை அரிக்கும். கட்டையைக் கழற்றிப் பார்த்தால் கீழே தகட்டில் வெள்ளைப் பொடியும் ஊசிக்குத்துக் குழிகளும் தெரியும். அதற்குப் பதில் கடல் பிளைவுட், அல்லது இறைச்சி வெட்டும் தடித்த வெள்ளை பிளாஸ்டிக் பலகையை வையுங்கள். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுக்கும் அலுமினியத்துக்கும் இடையே நைலோன் வாஷர் ஒன்றும் போடுங்கள். நன்னீரில் அரிப்பு மெல்லத்தான் நடக்கும். உப்புக் கடலுக்குக் கொண்டுபோகும் படகில் காத்திருக்காது.

அமரத்தில் இருந்த பலம் அணியத்துக்கு மாற்றியதும் இல்லை

தண்டின் ஆழம் சரி, நுரை இல்லை, ஆனாலும் மோட்டார் சோர்ந்து ஓடுகிறது. வயரைப் பாருங்கள். பற்றரி அமரத்திலேயே இருக்க, மோட்டார் மட்டும் முன்னால் போயிருக்கும். இடையில் 15 அடி வயர், போக வர 30 அடி. 55 பவுண்ட் மோட்டார் முழு வேகத்தில் 50 அம்பியர் இழுக்கும். கடையில் கிடைத்த 10 கேஜ் வயரை (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்) போட்டிருந்தால் அந்த 30 அடியில் ஒன்றரை வோல்ட் வீணாகும். 12 வோல்ட்டில் ஒன்றரை போனால் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. 75 வாட் வயரைச் சூடாக்கத்தான் உதவுகிறது. 6 கேஜ் என்றால் வீணாவது 0.6 வோல்ட். உற்பத்தியாளர்களின் அட்டவணை இந்தத் தூரத்துக்கு 4 கேஜ் என்று சொல்லும், அதைப் போட்டால் பேச்சே இல்லை.

சோதிக்கச் சிறு மீட்டர் ஒன்று போதும். மோட்டாரைத் தண்ணீருக்குள் முழு வேகத்தில் ஓட விட்டு, பற்றரி முனையில் வோல்ட் பாருங்கள், உடனே அணியத்தில் பிளக் முனையில் பாருங்கள். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயர் அல்லது இணைப்பு. இரண்டு இடத்திலும் ஒன்றுபோல் விழுந்தால் பற்றரி. ஐந்து நிமிடம் ஓட்டியபின் வயர் முழுதும் சூடாக இருந்தால் வயர் மெல்லியது, ஒரு இணைப்பு மட்டும் கை சுட்டால் அந்த இணைப்பு கெட்டது.

தடித்த வயர் விலை கூடியது. அதைவிடப் பற்றரியையே முன்னால் கொண்டு வந்தால் வயர் ஐந்தடிக்குள் முடியும், அணியத்தின் பாரக் குறையும் தீரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எங்கே வைத்தாலும் பற்றரியிலிருந்து 7 அங்குலத்துக்குள், மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் பிரேக்கர் இருக்க வேண்டும். 55 பவுண்ட் மோட்டாருக்கு 60 அம்பியர். புரொப்பெல்லரில் களை சுற்றிச் சிக்கிக்கொண்டால் அந்த மின்னோட்டம் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐந்து வேக மோட்டாரில் ஐந்தாவது வேகம் மட்டும் வேலை செய்து ஒன்று முதல் நான்குவரை செத்துக் கிடந்தால் இடத்தையும் வயரையும் விட்டுவிடுங்கள். மோட்டாருக்குள் இருக்கும் வேகச் சுருள் எரிந்திருக்கிறது. அது பழுதுபார்ப்பவர் வேலை.

மீன்காட்டியின் திரையில் கோடு கோடாக இரைச்சல்

ட்ரோலிங் மோட்டார் ஓடும்போது மட்டும் வந்தால், இரண்டும் ஒரே பற்றரியில் இருக்கிறதா பாருங்கள். மீன்காட்டிக்குத் தனிச் சிறு பற்றரி கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் அதன் வயரையும் மோட்டார் வயரையும் ஒன்றாகக் கட்டாமல் படகின் இரு பக்கமாகப் பிரித்து ஓட விடுங்கள்.

ஜீபிஎஸ் நங்கூரம் ஒரே இடத்தில் நிற்காமல் வட்டமடிக்கிறது

நங்கூரம் போடாமலே ஜீபிஎஸ் பார்த்துப் படகை ஒரே இடத்தில் நிறுத்தும் வசதி உள்ள மோட்டாரை அணியத்தில்தான் பூட்ட வேண்டும். அணியத்திலிருந்து இழுத்தால்தான் படகு காற்றை நோக்கி நிமிர்ந்து நிற்கும். அணியத்தில் இருந்தும் அலைந்தால் திசைகாட்டும் உணரியின் பக்கத்தில் காந்தம் உள்ள ஒலிபெருக்கியோ இரும்புப் பெட்டியோ இருக்கிறதா பாருங்கள். அகற்றிவிட்டுத் திசையை மறுபடி சீரமையுங்கள்.

கனூவில் பூட்டினால் கவிழப் பார்க்கிறது

இரு முனையும் கூரான வழக்கமான கனூவுக்குப் பின்பலகை கிடையாது. இரண்டு விளிம்புக்கும் குறுக்கே கட்டை போட்டு, ஒரு பக்கம் வெளியே தள்ளிய முனையில் மோட்டாரைத் தொங்கவிட வேண்டும். பின்இருக்கைக்குச் சற்றுப் பின்னால், திரும்பிப் பார்க்காமல் கை எட்டும் இடம். 30 பவுண்ட் மோட்டாருக்கு மேல் எதுவும் வேண்டாம். பற்றரியை மோட்டாருக்கு எதிர்ப்பக்கம், படகின் நடுவுக்கு முன்னால், தரையோடு கட்டி வையுங்கள். மோட்டாரைத் திடீரென்று பக்கவாட்டில் திருப்பி முழு வேகம் கொடுத்தால் எந்தக் கனூவும் தண்ணீர் குடிக்கும். அப்புறம் ஒன்று: மின்மோட்டார் பூட்டிவிட்டால் கனடாவில் கனூவும் இயந்திரப் படகுதான். ஓட்டுபவரிடம் படகோட்டும் திறன் அட்டை இருக்க வேண்டும்.

தங்கூசி (தூண்டில் நைலோன் நூல்) மோட்டாரில் சிக்கிக்கொண்டே இருக்கிறது

யார் எங்கே இருந்து வீசுகிறார் என்று பார்த்து இடம் தீர்மானிக்காததால் வருவது. அமரத்தில் மோட்டாரை வைத்து, அமரத்திலிருந்தே இரண்டு பக்கமும் தூண்டிலை இழுத்துக்கொண்டு போனால், திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் உள்வளைவுப் பக்கத் தங்கூசி புரொப்பெல்லரை நோக்கி வரும். மோட்டார் இருக்கும் பக்கத்துத் தூண்டிலைப் படகின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், அல்லது மோட்டாருக்கு எதிர்ப்பக்கமாகவே திரும்புங்கள். அணியத்து மோட்டாரில் பின்னால் இழுக்கும் தூண்டில் சிக்குவது அபூர்வம். முன்னால் வீசி, தங்கூசி தளர்ந்து, அதன் மேலேயே படகை ஓட்டினால்தான் சிக்கும்.

சிக்கினால் வெட்டி எறிந்துவிட்டுத் தொடர்ந்து ஓட்ட வேண்டாம். பற்றரித் தொடர்பை எடுத்துவிட்டு, புரொப்பெல்லர் நட்டைக் கழற்றி, புரொப்பெல்லரை வெளியே இழுத்து, சுழல்தண்டைச் சுற்றி அடியில் ஒளிந்திருக்கும் மிச்சத் துண்டுகளையும் உரித்து எடுங்கள். அவை உள்ளே இருக்கும் ரப்பர் சீலை அறுத்தால் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கும்.